வளரும் நுரையீரலில் மீள்தன்மை நார்: புரத மாற்றத்தின் வரிசையும் இடமும்

கேகாலை மாவட்டத்தில், கொழும்பு–கண்டி வீதியில் அமைந்த வரக்காப்பொலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் காலையில் வெட்டிச் சேர்க்கப்படும் இறப்பர்ப் பால், தட்டுகளில் ஊற்றப்பட்டு, போமிக்கமிலம் கலந்து உறையவிடப்பட்டு, உருளைகளுக்கிடையே அழுத்தித் தாளாக்கப்பட்டு, புகைக்கூடத்தில் உலர்த்தப்படுகின்றது. இத்தனை வேலைக்குப் பிறகும் வெளிவரும் தாள் முடிவுற்ற பொருளன்று. இழுத்துப் பிடித்து வைத்திருந்தால் அது பழைய நீளத்துக்கு முழுமையாகத் திரும்புவதில்லை, வெப்பத்தில் இளகி ஒட்டிக்கொள்கின்றது, குளிரில் விறைக்கின்றது. கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி, நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகளை ஏற்படுத்திய பின்னரே, இழுத்தால் நீண்டு விட்டால் மீளும் இறப்பர் கிடைக்கின்றது. சார்ள்ஸ் குட்இயர் 1839 இல் கண்டறிந்த இந்த முறை வல்கனைசுப்படுத்தல் எனப்படுகின்றது. நுரையீரலுக்கு மீளும் இயல்பைத் தரும் எலாஸ்டின் என்னும் புரதத்தின் கதையும் பெருமளவில் இதுவே. அப்புரதத்தைக் கலம் உண்டாக்கி வெளியே விட்டுவிடுவதால் மட்டும் மீள்தன்மை நார் தோன்றுவதில்லை. வெளியே வந்த பின் அதன்மீது நிகழும் வேதியியல் மாற்றங்களே அதை நாராக்குகின்றன.

பரம்பரையலகு எழுதிவைத்த வரிசைப்படி அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டுச் சங்கிலி முடிந்த பிறகு, நொதியங்கள் அச்சங்கிலியில் செய்யும் திருத்தங்கள் அனைத்தையும் புரத மாற்றம் என்ற பெயரில் அடக்கலாம். ஒரு பகுதியை வெட்டி நீக்குதல், ஓர் ஒட்சிசன் அணுவைச் சேர்த்தல், ஒரு வெல்ல மூலக்கூற்றை ஒட்டுதல், ஓர் அமீன் கூட்டத்தை அகற்றுதல் என்பன அவற்றுட் சில. மீள்தன்மை நாரைப் பொறுத்தவரை இவை நான்குமே முக்கியமானவை. குறைமாதக் குழந்தையின் நுரையீரல் நோயை விளக்க முயலும் எழுத்துகளில் எலாஸ்டின் கூடியதா குறைந்ததா என்ற கேள்வியே நெடுங்காலம் முன்னின்றது. அக்கேள்வி போதாது என்பதும், மாற்றங்கள் எந்த வரிசையில், எந்த இடத்தில், எந்தச் சட்டகத்தின் மேல் நிகழ்கின்றன என்பதைக் கேட்டாலன்றிச் சான்றுகள் ஒன்றோடொன்று பொருந்தமாட்டா என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

மனித நுரையீரல் கருவில் கிளைவிடும் குழாய்களாகத் தொடங்கி, ஏறத்தாழ 24 ஆம் வாரத்திலிருந்து மெல்லிய சுவருடைய பைகளாகப் பிரிகின்றது. அப்பைகளின் சுவரிலிருந்து சிறு மேடுகள் உள்நோக்கி எழுந்து, ஒவ்வொரு பையையும் பல அறைகளாகப் பிரிக்கும்போதே காற்றும் குருதியும் வாயுவைப் பரிமாறும் சிற்றறைகள் உருவாகின்றன. இவ்வேலை கருவின் இறுதி வாரங்களில் தொடங்கிப் பிறந்த பின் ஆண்டுக்கணக்கில் தொடர்கின்றது. வளர்ந்த மனிதரின் இரு நுரையீரல்களிலும் சராசரியாக 48 கோடிச் சிற்றறைகள் இருப்பதாக ஓக்ஸ் முதலானோர் 2004 இல் கணக்கிட்டனர். சுண்டெலிகளில் இந்த அறைபிரிப்பு முழுவதும் பிறந்த பின்னரே நிகழ்வதால், குறைமாதக் குழந்தையின் நுரையீரலை ஆராய்வோர் பிறந்த சுண்டெலியையே பெரிதும் நாடுகின்றனர்.

உள்நோக்கி எழும் ஒவ்வொரு மேட்டின் முனையிலும் எலாஸ்டின் சிறு புள்ளியாகப் படிந்திருப்பதை நுணுக்குக்காட்டியில் காணலாம். அதைச் சுரப்பவை தசைக்கலத்தின் சுருங்கும் இயல்பையும் நார்க்கலத்தின் சுரக்கும் இயல்பையும் ஒருங்கே கொண்ட கலங்களாகும். குருதிச் சிறுதட்டு வளர்ச்சிக் காரணியின் ஏ வடிவத்தை இழந்த சுண்டெலிகளில் இக்கலங்கள் தோன்றுவதில்லை, எலாஸ்டின் படிவதில்லை, அறைபிரிப்பும் நிகழ்வதில்லை என 1996 இல் சுவீடன் நாட்டு ஆய்வுக் குழு ஒன்று காட்டியது. எலாஸ்டின் பரம்பரையலகையே முற்றாக இழந்த சுண்டெலிகளின் நுரையீரலில் இறுதிக் கிளைகள் குன்றிப்போனதை வென்டல் முதலானோர் 2000 இல் வெளியிட்டனர். எலாஸ்டின் இல்லாமல் நுரையீரல் இல்லை என்பது இவ்வாறு ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. எனினும், ஒரு பொருள் இல்லாதபோது கட்டடம் எழவில்லை என்பதால், அப்பொருள் மிகுந்தால் கட்டடம் நன்றாக எழும் என்று முடிவுகட்ட இயலாது.

கலத்திலிருந்து வெளிவரும் ஒற்றை மூலக்கூறு ட்ரோபோஎலாஸ்டின் எனப்படுகின்றது. அதில் இரண்டு வகைப் பகுதிகள் மாறிமாறி வருகின்றன. கிளைசின், வலின், புரோலின் முதலியவை மிகுந்து நீரை வெறுக்கும் பகுதிகள் ஒரு வகை. லைசின் என்னும் அமினோ அமிலம் இரண்டிரண்டாக அமைந்த பகுதிகள் மற்றொரு வகை. முதல் வகையே மீள்தன்மைக்குக் காரணமாகும். இழுக்கப்படும்போது சங்கிலியின் தாறுமாறான நிலைகள் குறைந்து, எந்திரப்பி எனப்படும் ஒழுங்கின்மையின் அளவு வீழ்கின்றது. விட்டவுடன் அந்த அளவு மீண்டும் உயர முயல்வதே நாரைச் சுருக்குகின்றது. இரண்டாம் வகை, சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் முடிச்சுகளுக்கான இடமாகும். உடல் வெப்பத்தில் நீர் வெறுக்கும் பகுதிகள் ஒன்றையொன்று நாட, ட்ரோபோஎலாஸ்டின் கரைசலிலிருந்து பிரிந்து சிறு உருண்டைகளாகத் திரள்கின்றது. திரண்டால் லைசின்கள் அருகருகே வந்து நிற்கும், ஆனால் கட்டப்படா. இந்தக் கட்டத்தில் நின்றுபோன எலாஸ்டின், உறைந்தும் கந்தகம் காணாத இறப்பருக்கு ஒப்பாகும்.

கட்டும் வேலையைச் செய்வது லைசில் ஒட்சிடேசு என்னும் நொதியம். 1968 இல் பின்னெல், மார்ட்டின் ஆகியோர் அதன் செயலை முதலில் விளக்கினர். செம்பு அணு ஒன்றையும், தன் சங்கிலியிலேயே உருவாகும் துணைக்கூறு ஒன்றையும் கொண்டு இயங்கும் இந்நொதியம், லைசினின் நுனியிலுள்ள அமீன் கூட்டத்தை அகற்றி, அவ்விடத்தில் அல்டிகைட்டு ஒன்றை விட்டுச் செல்கின்றது. அமோனியாவும் ஐதரசன் பேரொட்சைட்டும் உடன்விளைவாக வெளிவருகின்றன. மாற்றம் பெற்ற லைசின் அல்லைசின் எனப்படும். அதன் பிறகு நொதியத்துக்கு வேலையில்லை. மூன்று அல்லைசின்களும் மாற்றம் பெறாத ஒரு லைசினும் தாமாகவே கூடி வளையமாகி, டெஸ்மோசின் அல்லது ஐசோடெஸ்மோசின் என்னும் முடிச்சாகின்றன. பாட்ரிட்ஜ் முதலானோர் 1963 இல் இனங்கண்ட இந்த நால்வழி முடிச்சு எலாஸ்டினுக்கே உரியதாகையால், ஓர் இழையத்தில் எவ்வளவு நார் உண்மையில் முடிவுற்றிருக்கின்றது என்பதை அளப்பதற்கு அதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை. முடிச்சின் பலம் பற்றிய சான்று ஒன்று சுவையானது. வளிமண்டலத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் உலகெங்கும் பரப்பிய காபன்–14 ஐக் குறியாகக் கொண்டு ஷாப்பிரோ முதலானோர் 1991 இல் மனித நுரையீரல் எலாஸ்டினின் வயதை அளந்து, அதன் காபன் சராசரியாக 74 ஆண்டுகள் தங்கியிருப்பதாகக் கண்டனர். குழந்தைப் பருவத்தில் இட்ட நாரே முதுமைவரை உழைக்கின்றது என்பது இதன் பொருள்.

இறப்பரோடு ஒப்பிடுவது இந்த இடத்தில் முறிகின்றது, முறியும் இடமே பயன் தருகின்றது. கந்தகம் இறப்பர்ச் சங்கிலியில் வாய்த்த இடத்தில் எல்லாம் பிணைப்பிடும். எலாஸ்டினின் முடிச்சுகளோ சங்கிலியிலேயே குறித்துவைக்கப்பட்ட லைசின் இடங்களில் மட்டும் விழுகின்றன. நான்கு லைசின்கள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிற்க வேண்டியும் உள்ளது. இறப்பர் உலர்ந்த நிலையில் மீளும். எலாஸ்டின் நீரில் ஊறியிருந்தால் மட்டுமே மீளும், உலர்ந்தால் நொறுங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, தொழிற்சாலையில் கந்தகத்தைச் சேர்ப்பவர் ஒருவர் உண்டு. நுரையீரலில் நொதியத்தைச் சரியான இடத்துக்குக் கொண்டுசேர்ப்பவர் யார் என்பதே கடினமான கேள்வி.

அதற்கான விடை கடந்த சில பத்தாண்டுகளில் துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. லைசில் ஒட்சிடேசு முதலில் செயலற்ற நீண்ட வடிவில் வெளிவருகின்றது. எலும்பு உருவப்புரதம்–1 எனப்படும் மற்றொரு நொதியம் அதன் முன்பகுதியை வெட்டிய பின்னரே அது வேலை செய்கின்றது. வெட்டப்படும் அந்த முன்பகுதியை பைபுலின்–4 என்னும் புரதம் பற்றிக்கொண்டு நொதியத்தை ட்ரோபோஎலாஸ்டினுக்கு அருகே நிறுத்துகின்றது. அக்குடும்பத்தின் மற்றொரு நொதியமான லைசில் ஒட்சிடேசு–1 போலியை பைபுலின்–5 அவ்வாறே அழைத்து வருகின்றது. லைசில் ஒட்சிடேசை இழந்த சுண்டெலிகள் பிறந்தவுடன் இறந்தன. அவற்றின் நுரையீரல் வளர்ச்சியும் நார்களும் சிதைந்திருந்ததை மாக்கி முதலானோர் 2005 இல் விவரித்தனர். போலியை இழந்தவை உயிர்தப்பின, ஆயினும் அவற்றின் காற்றறைகள் விரிந்து தொய்ந்தன. பைபுலின்–5 ஐ இழந்த சுண்டெலிகள் 2002 இல் விவரிக்கப்பட்டபோதுதான் இந்த வாதத்துக்கு மிக அழுத்தமான சான்று கிடைத்தது: அவற்றில் எலாஸ்டின் உண்டாகின்றது, நாராக நீளாமல் ஒழுங்கற்ற திரள்களாகக் கிடக்கின்றது, நுரையீரல் வீங்கித் தளர்கின்றது. சரக்கு இருந்தும் வேலை முடியாத நிலை இது.

அளவு முற்றிலும் பொருட்டல்ல என்று இதிலிருந்து கொள்ளலாகாது. எலாஸ்டினைப் பாதியளவில் உண்டாக்கும் சுண்டெலிகளின் நுரையீரல் அமைப்பு ஏறத்தாழ இயல்பாகவே இருக்க, ஏறத்தாழ 37 சதவீதமே உண்டாக்கியவற்றில் காற்றறைகள் விரிந்திருந்தன. ஓர் அடிமட்டம் உண்டு. அதற்குக் கீழே எந்தத் திருத்தமும் உதவாது. அடிமட்டத்துக்கு மேலே வந்த பிறகு அளவைவிட ஒழுங்கே தீர்மானிக்கின்றது என்பதுதான் சான்றுகள் இடங்கொடுக்கும் முடிவு.

ஒழுங்குக்குச் சட்டகம் வேண்டும். பைப்ரிலின் என்னும் பெரும் புரதம் நுண்ணிழைகளாக முன்னரே கிடக்க, அவற்றின் மேல்தான் எலாஸ்டின் திரள்கள் படிகின்றன. பைப்ரிலின்–1 இல் 47 முறை திரும்பவரும் ஒரே வகைப் பகுதிகள் உள்ளன. மேற்றோல் வளர்ச்சிக் காரணியின் சாயல் கொண்ட அவற்றுள் 43 கல்சியத்தைப் பற்றிக்கொண்டு விறைத்து நிற்பவை. அப்பகுதிகள் பலவற்றில் பொக்ளட்–2, பொக்ளட்–3 என்னும் இரு நொதியங்கள் ஒரேயொரு குளுக்கோசு மூலக்கூற்றை ஒட்டுகின்றன. ஒரு வெல்ல மூலக்கூறு என்ன பெரிதாகச் செய்துவிடும் எனத் தோன்றலாம். ஆனால் அது இல்லாதபோது பைப்ரிலின் கலத்திலிருந்து வெளியேறுவதே குறைகின்றது. இரு நொதியங்களையும் இழந்த சுண்டெலிகள் பிறந்தவுடன் இறப்பதையும் அவற்றின் நுரையீரலில் பைப்ரிலின் குறைந்திருப்பதையும் 2024 இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. எலாஸ்டினைத் தொடாத ஒரு மாற்றம், எலாஸ்டின் படியவேண்டிய மேடையை அகற்றுவதன் வழியாகவே நாரைக் கெடுக்கவல்லது என்பது இதனால் தெளிவாகின்றது. பைப்ரிலின் குறையும்போது வேறொன்றும் நேர்கின்றது. உருமாற்ற வளர்ச்சிக் காரணி–பீட்டா என்னும் சமிக்ஞைப் புரதம் உறங்குநிலையில் நுண்ணிழைகளோடு கட்டப்பட்டே கிடக்கின்றது. கட்டுத் தளர்ந்தால் அது விழித்து அறைபிரிப்பைத் தடுக்கின்றது என்பதை பைப்ரிலின்–1 பழுதால் வரும் மார்பான் நோய்க்குரிய சுண்டெலிகளில் நெப்டியூன் முதலானோர் 2003 இல் நிறுவினர். நார் வெறும் இழுவிசைப் பொருளன்று, செய்தியைப் பூட்டிவைக்கும் பெட்டியும் ஆகும்.

மாற்றங்களுள் மிகவும் வியப்பானது ஐதரொட்சியேற்றம், அதாவது புரோலினில் ஓர் ஒட்சிசனைச் சேர்த்தல். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்த கங்காரு வால் நாணைக் கொண்டு, 1954 இலும் 1955 இலும், இழையங்களுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதத்தின் முப்புரி அமைப்பை முன்வைத்தனர். அந்த முப்புரியை உடல் வெப்பத்தில் குலையாமல் நிறுத்துவது ஐதரொட்சிப் புரோலினே என்பதும், உயிர்ச்சத்து சி இல்லையேல் அது உருவாகாமல் ஸ்கேவி நோய் தோன்றும் என்பதும் பின்னர் தெளிவாயின. அதே மாற்றம் எலாஸ்டினில் எதிரான விளைவைத் தருகின்றது. நீர் வெறுக்க வேண்டிய பகுதியில் நீரை நாடும் ஐதரொட்சில் கூட்டம் வந்து அமர்ந்தால் திரளும் இயல்பு குலைகின்றது. வளர்ப்புக் கலங்களுக்கு உயிர்ச்சத்து சி மிகுதியாக இட்டபோது கொலாஜன் கூடி எலாஸ்டின் குறைந்ததை 1980 களின் ஆய்வுகள் காட்டின. கொலாஜனைக் கட்டும் அதே திருத்தம் எலாஸ்டினைக் கலைக்கின்றது. ஒரு மாற்றத்தைத் தனியே எடுத்து நல்லது, தீயது என்று சொல்வது பொருளற்றதென்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் தேவையில்லை.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு நேரும் மூச்சுக்குழாய்–நுரையீரல் வளர்ச்சிக்கோளாறு 1967 இல் நோர்த்வே முதலானோரால் முதன்முதலில் விவரிக்கப்பட்டது. செயற்கைச் சுவாசமும் மிகுந்த ஒட்சிசனும் உயிரைக் காப்பாற்ற, அக்காப்பாற்றலின் விலையாகச் சிற்றறைகள் குறைந்த, பெரிய அறைகளைக் கொண்ட நுரையீரல் எஞ்சுகின்றது. பிளாண்ட் முதலானோர் 2008 இல், செயற்கைச் சுவாசத்தில் வைக்கப்பட்ட பிறந்த சுண்டெலிகளில் எலாஸ்டின் உற்பத்தி கூடியும், அதைக் கட்டும் புரதங்கள் அதற்கேற்பக் கூடாததைக் கண்டு, உற்பத்தியும் கட்டுமானமும் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்தன என்று எழுதினர். அவ்வாறாயின் கட்டும் நொதியம் குறைந்ததே காரணம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்தில் குமாரசாமி முதலானோர் 2009 இல் வெளியிட்ட ஆய்வில், மிகை ஒட்சிசனில் வளர்ந்த சுண்டெலிகளிலும் நோயுற்ற குழந்தைகளின் நுரையீரலிலும் லைசில் ஒட்சிடேசுக் குடும்ப நொதியங்கள் கூடியே காணப்பட்டன.

இவ்விரண்டும் முரண்படுவனபோல் தோன்றுகின்றன. முரணை அவிழ்ப்பது, அதே ஆய்வுத் தொடரில் மிசிகோவா முதலானோர் 2015 இல் வெளியிட்ட அளவீடு. 85 சதவீத ஒட்சிசனில் வைக்கப்பட்ட சுண்டெலிக் குட்டிகளில் மொத்தக் கொலாஜன் 63 சதவீதம் கூடியது. கரையாத எலாஸ்டின் 35 சதவீதமும், அதனுள் டெஸ்மோசின் 30 சதவீதமும் ஐசோடெஸ்மோசின் 21 சதவீதமும் குறைந்தன. கொலாஜனுக்கும் எலாஸ்டினுக்குமான விகிதம் மூன்று மடங்காயிற்று. நொதியம் மிகுந்திருந்தும் எலாஸ்டினின் முடிச்சு குறைந்தது. மிகுந்த நொதியம் தவறான சரக்கின்மேல் வேலை செய்தது என்று கொண்டால் இவ்வெண்கள் பொருந்துகின்றன. கொலாஜனும் அதே நொதியத்தின் இலக்கு என்பதை மறக்கலாகாது. அடுத்து அவர்கள் செய்ததே இன்னும் அறிவூட்டுவது. மணப்பட்டாணியில் கிடைக்கும் பீட்டா–அமினோபுரோப்பியோநைத்திரைல் என்னும் தடுப்பியைக் கொடுத்து நொதியத்தை முடக்கியபோது, கொலாஜன் ஓரளவு இயல்புக்குத் திரும்பியது, எலாஸ்டினின் முடிச்சுகளும் ஓரளவு சீர்பட்டன, ஆயினும் சிற்றறைகளின் எண்ணிக்கை கூடவில்லை. அறைச்சுவர் 12 சதவீதம் மேலும் தடித்தது.   நொதியத்தைக் குறைப்பது மட்டும் மருந்தாகாது என்பதே இச்சோதனையின் நேரான பொருள். வேலை நடந்திருக்க வேண்டிய வாரம் கடந்துவிட்டால் பின்னர் வரும் முடிச்சு இடம் மாறி விழக்கூடும்.

செம்பு கொடுத்தால் போதாதா என்ற எதிர்வாதம் இயல்பாக எழும். கரு தன் செம்பின் பெரும்பகுதியைத் தாயிடமிருந்து இறுதி மூன்று மாதங்களிலேயே பெறுவதால், குறைமாதக் குழந்தை குறைந்த இருப்போடு பிறக்கின்றது என்பதும், செம்பின்றி வளர்க்கப்பட்ட விலங்குகளில் நுரையீரல் வீக்கம் தோன்றியதென்பதும் உண்மை. செம்பைக் கலத்திலிருந்து வெளியே அனுப்பும் ஏற்றியில் பழுதுள்ள மெங்கிசு நோயும் அதையே சொல்கின்றது. ஆனால் குறைபாடு நோயைத் தருகின்றது என்பதால், குறைபாடில்லாதவருக்கு மிகுதி நன்மை தரும் என்று ஆகிவிடாது. முன்னர் எலாஸ்டினைப் பற்றிச் சொன்ன அடிமட்டமே இங்கும் பொருந்துகின்றது. அளவைப் போலவே காலமும் முக்கியம். 1972 இல் லிகின்சும் ஹோவியும் அறிமுகம் செய்த, பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஸ்டீரொயிட்டு கொடுக்கும் முறை குறைமாதக் குழந்தையின் மூச்சுத்திணறலைப் பெரிதும் குறைத்தது. எனினும் பிறந்த பின் எலிகளுக்கு அதே வகை மருந்தைக் கொடுத்தபோது அறைபிரிப்பு தடைப்பட்டதை மசாரோ முதலானோர் 1985 இல் காட்டினர். ஒரே மருந்து எந்த வாரத்தில் கொடுக்கப்படுகின்றது என்பதைப் பொறுத்து விளைவு புரள்கின்றது.

காலம் இவ்வளவு முக்கியமென்றால், குழந்தை எந்த நிலையில் பிறந்து எங்கே வளர்கின்றது என்பதும் கணக்கில் வரும். இலங்கையின் தோட்டத்துறையில் நிறைகுறைந்த பிறப்பு நகரத்தையும் கிராமத்தையும்விட மிகுதி என்பது குடித்தொகை, சுகாதார ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் பதிவான செய்தி. கேகாலை அடங்கிய சப்பிரகமுவ மாகாணத்தின் தோட்டங்களில், லயம் எனப்படும் தொடர்வீட்டு அறைக்குள்ளேயே விறகடுப்பு எரியும் வீடுகள் உள்ளன. வெட்டி ஓய்ந்த இறப்பர் மரமே பல இடங்களில் விறகாகின்றது. கர்ப்ப காலத்தில் விறகுப்புகையைச் சுவாசிப்பது பிறப்பு நிறையைக் குறைப்பதோடு தொடர்புடையது. பிறந்த பின்னும் குழந்தை பிள்ளை மடுவம் எனப்படும் தோட்டப் பராமரிப்பு நிலையத்துக்குப் போகும் வயதுவரை அதே அறையில்தான் வளர்கின்றது, அதாவது அறைபிரிப்பு மிக விரைவாக நடக்கும் காலத்தின் பெரும்பகுதி புகையோடே கழிகின்றது. தோட்டத்தில் வளர்ந்த ஐம்பது வயதினர் ஒருவர் மூச்சிரைப்போடு வைத்தியசாலைக்கு வரும்போது, அவரது நுரையீரலில் தொய்ந்திருக்கும் நார் கடந்த சில ஆண்டுகளில் இட்டதன்று. புகைபிடித்த ஆண்டுகளையும் அடுப்புப் புகையையும் மட்டும் விசாரிக்கும் மருத்துவர், பாதிக் கணக்கையே எடுக்கின்றார். எத்தனையாவது மாதத்தில், எவ்வளவு நிறையோடு பிறந்தார், பிறந்தபின் ஒட்சிசனில் வைக்கப்பட்டாரா என்பனவும் அதே நோய்க்கணக்கின் முற்பகுதியாகும்.